பாடத்துக்கு விலை சொல்லப் பழகினோம்

ஏப்ரல் 14 விழாவுக்கான கூட்டத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. பந்தல், ஒலிபெருக்கி, நன்கொடைக் கணக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு, இயக்கத்தில் எங்களுக்கு இருபது ஆண்டு மூத்த அண்ணன் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணுகளா, கம்ப்யூட்டர்ல வெளியாளுகளுக்குப் பாடம் நடத்திக் காசு வாங்கறீங்களாமா? நாமெல்லாம் படிப்பை விக்கலாமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நாங்களும் சூடாகப் பதில் சொல்லியிருப்போம். அவர் வருத்தமாகக் கேட்டார். எங்களுக்கு அ, ஆ எழுதப் பழக்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு பைசா வாங்கியதில்லை. அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம். அவருக்காக மட்டுமல்ல, இதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு தயங்கும் தம்பி தங்கைகளுக்காகவும்.

நாங்கள் மூன்று பேர். கொமரலிங்கத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒருத்தி பி.சி.ஏ. முடித்துவிட்டு ஊரில் இருக்கிறாள். மற்ற இருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில்: ஒருவன் ஓவர்லாக் டெய்லர், ஒருவன் செக்கிங். வாரம் முழுக்க லைன் வீட்டில் தங்கி, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவது வழக்கம். ஞாயிறு காலையும் புதன் இரவும் எங்கள் மூவரின் வேலை வேறு. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு, கேம் எஞ்சின் சொல்லிக்கொடுக்கிறோம். இணையம் வழியாக, தமிழில், கட்டணம் வாங்கிக்கொண்டு.

கேம் எஞ்சின் என்றால் என்ன என்று கேட்கும் தோழர்களுக்கு எங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறோம். டீ-ஷர்ட் தைக்கிறவர் யாரும் முதலில் மோட்டார் செய்வதில்லை. மெஷினும் ஊசியும் தயாராக இருக்கும். எந்த அளவில் வெட்டுவது, எங்கே மடிப்பது என்பதுதான் அவர் வேலை. அதுபோல, படத்தைத் திரையில் வரைவது, ஒன்றோடொன்று மோதுவது, மேலே எறிந்தால் கீழே விழுவது, ஒலி எழுப்புவது ஆகிய எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருக்கும் மென்பொருள்தான் எஞ்சின். அதை வைத்து விளையாட்டை உருவாக்குகிறோம்.

நாங்கள் கற்றது, +2 முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில். 4 ஜிபி ராம். யுனிட்டி என்ற பெரிய எஞ்சினை அதில் ஏற்றிப் பார்த்தோம். திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அப்படியும் பாதியில் நின்றுவிடும். அப்போதுதான் கோடோ கிடைத்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கி, 2014-இல் மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்ட எஞ்சின் அது. உரிமக் கட்டணம் கிடையாது. நம் விளையாட்டு விற்றாலும் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. தரவிறக்கம் செய்வதும் சிறிதுதான், அன்றைய எங்கள் டேட்டா பேக்குக்கு அடங்கியது. ஷிப்ட் முடிந்து வந்து, லைன் வீட்டில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, தலையணைமேல் லேப்டாப்பை வைத்துக் கற்றோம்.

கற்றதை விற்க முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. உலகச் சந்தையில் நடந்த இரண்டு விஷயங்கள் அதைச் சாத்தியமாக்கின.

முதலாவது, கோடோவின் நான்காம் பதிப்பு. 2023 மார்ச்சில் அது வெளிவந்தபோது பழைய கட்டளைகள் பல மாறிவிட்டன. 'கைனமேட்டிக் பாடி' என்றிருந்தது 'கேரக்டர் பாடி' ஆனது. நகர்த்தும் கட்டளையை எழுதும் விதமே மாறியது. யூடியூபில் இருந்த பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் சிவப்புக் கோடாகப் பிழை வந்து நிற்கும். இரண்டாவது, அதே ஆண்டு செப்டம்பர் 12-இல் யுனிட்டி அறிவித்த புதிய கட்டணம். குறிப்பிட்ட அளவு வருமானமும் நிறுவல் எண்ணிக்கையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் காசு என்றார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் விதியைத் தளர்த்தினார்கள், ஓராண்டு கழித்து முழுதாகக் கைவிட்டார்கள். அதற்குள் ஏராளமானோர் கோடோ பக்கம் திரும்பியிருந்தார்கள். பத்தாண்டு அனுபவமுள்ள டெவலப்பர்கள்கூட அங்கே புதிதாகச் சேர்ந்த ஆட்கள்தான். நாங்களோ இரண்டு பதிப்புகளிலும் அடிபட்டுத் தேறியிருந்தோம்.

இன்னொன்றும் எங்களிடம் இருந்தது. கோடோ நான்கு எங்கள் பழைய லேப்டாப்பில் முதலில் திறக்கவே இல்லை. பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு ஏற்ற 'கம்பேட்டிபிலிட்டி' முறையில் எப்படி ஓட்டுவது, படங்களை எந்த அளவுக்குச் சுருக்குவது, குறைந்த விலை போனில் திணறாமல் எப்படி ஓட வைப்பது என்பதையெல்லாம் வேறு வழியில்லாமல் கற்றோம். விலையுயர்ந்த கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. விளையாட்டை வெளியிட்ட பிறகு, நம் மக்கள் கையிலிருக்கும் போனில் அது நின்றுபோகும்போதுதான் தெரியும். ஆக, எங்கள் இல்லாமை கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் நாங்கள் இப்போது விற்கிறோம்.

முதல் கட்டணம் வாங்கிய கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கோயம்புத்தூரில் செயலி தயாரிக்கும் கம்பெனியில் இருந்த ஒருவர், தன் விளையாட்டில் பாத்திரம் சுவருக்குள் புகுந்துவிடுகிறது என்று திணறிக்கொண்டிருந்தார். இரண்டு இரவுகள், மொத்தம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து, ஏன் அப்படி ஆகிறது என்றும் புரியவைத்தோம். "ஃபீஸ் எவ்வளவுங்க?" என்று அவர்தான் கேட்டார். எங்களுக்குக் கை நடுங்கியது. "நீங்களே பாத்துக் குடுங்க" என்று எழுதினோம்.

200 ரூபாய் அனுப்பினார். மூன்று பேருக்கு.

அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்துக் கொடுக்கச் சொன்னது நாங்கள்தான், அவர் பார்த்துக் கொடுத்தார். அந்த வாரம் ஊருக்கு வந்து வீட்டில் சொன்னபோது, எங்களில் ஒருவனின் அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏஞ்சாமி, இது உங்க தாத்தன் களத்து மேட்டுல நின்னு சொன்ன வார்த்தையாச்சே. அவிய பாத்துக் குடுத்ததெல்லாம் போதும். கூலிய நாமதான் சொல்லோணும்."

அமராவதிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. அறுத்து, அடித்து, தூற்றி, அளந்து, மூட்டை கட்டி வண்டியேற்றிய பிறகு, கடைசியாகத் துண்டை விரித்து நின்றவர்கள் எங்கள் தாத்தாக்கள். எவ்வளவு என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பார்த்துப் போட்டதுதான் கூலி. சாவுக்குப் பறையடிப்பதும் செத்த மாட்டைத் தூக்குவதும் ஊர்க்கடமை என்று சொல்லியே வாங்கிக்கொண்டார்கள். அந்த வெட்டி வேலையை மறுத்து நம் மக்கள் அடி வாங்கிய வரலாறு தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் இருக்கிறது! அதை மேடையில் பேசுகிற நாங்களே, திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம். யாரும் எங்களை மிரட்டவில்லை. வாயில் தானாக வந்தது. சாதி நம் நாக்கில் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அதன் பிறகு விலையை முன்கூட்டியே எழுதி வைத்தோம். ஆறு வாரம், பன்னிரண்டு வகுப்பு, 3,000 ரூபாய். அதாவது வகுப்புக்கு 250. பாதியில் நின்றால் மீதி வகுப்புகளுக்கான பணம் திரும்பக் கிடைக்கும். முதல் முறை இதை அனுப்பும்போது, யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தோம். ஏழு பேர் வந்தார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர், சென்னையில் வேலை. நான்கு வகுப்புகள் நன்றாகப் போயின. "சொல்லுங்க, கேக்கறனுங்க" என்று கொங்குப் பேச்சுக்கே உரிய 'ங்க'வோடு பேசுவார். ஐந்தாவது வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "நீங்க எந்த ஊருங்க?" கொமரலிங்கம் என்றோம். "அட, நம்ம பக்கம்! கொமரலிங்கத்துல எந்தப் பக்கமுங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்லலாம். சொல்லியிருக்கிறோம், பஸ்ஸில், வாடகை வீடு கேட்கும்போது. அன்றைக்கு ஏனோ பொய் வரவில்லை. தெருப் பெயரைச் சொன்னோம்.

"ஓ, சரி." அவ்வளவுதான். அடுத்து குழுவில் ஒரு சந்தேகம் கேட்டார். "அந்த சிக்னல் எப்படி கனெக்ட் பண்றதுன்னு சொல்லு." எங்களில் யார் வயதும் மாறவில்லை, அவர் வயதும் மாறவில்லை. ஒரே இரவில் 'ங்க' காணாமல் போயிருந்தது. வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்று குழுவில் பொதுவாக எழுதினோம். மறுநாள், வேலை அதிகம், தொடர முடியவில்லை என்று செய்தி வந்தது. வேலை அதிகமாகவும் இருந்திருக்கலாம். மீதி ஏழு வகுப்புக்கு 1,750 ரூபாயைத் திருப்பி அனுப்பினோம். அந்த இரவு எங்களில் ஒருவன் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி. எட்டாவது வகுப்பின் பதிவு மட்டும் வேண்டுமாம். அலுவலகத்தில் தேவைப்படுகிறதாம். கொடுக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். கொடுக்கக் கூடாது என்று ஒருவன், சும்மா கொடுத்து வெட்கப்பட வைக்கலாம் என்று ஒருவன். பி.சி.ஏ. படித்த தோழிதான் முடித்து வைத்தாள்: "அவருக்கு நாம பகையாளியும் இல்ல, தருமம் பண்றவங்களும் இல்ல. ஒரு வகுப்பு 250 ரூபா." அப்படியே எழுதினோம். பத்து நிமிடத்தில் பணம் வந்தது. "தேங்க்ஸ்" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லில் 'ங்க' போடவும் வேண்டாம், விடவும் வேண்டாம் பாருங்கள்!

தோழிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வகுப்பில் அவள் பேசத் தொடங்கினால், "சார் இல்லீங்களா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மூவரில் நிரலை நன்றாகப் படிப்பவள் அவள்தான். இப்போது முதல் வகுப்பை எப்போதும் அவளே நடத்துகிறாள்.

இனி அண்ணனின் கேள்விக்கு வருகிறோம். படிப்பை விற்கலாமா?

பாபாசாகேப் அம்பேத்கர் விற்றிருக்கிறார். 1917-இல் பரோடாவில் தங்க இடம் கொடுக்காமல் விரட்டப்பட்டு பம்பாய் திரும்பியபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிழைப்புக்குத் தனிப்பாடம் நடத்தினார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஐந்தாவது வகுப்புக்கு நூறாண்டு முன்பே நடந்த கதை. 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். உடன் வேலை செய்த பேராசிரியர்களில் சிலர், தங்கள் தண்ணீர்ப் பானையில் அவர் குடிப்பதை எதிர்த்தார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துதான் 1920-இல் விட்ட படிப்பை முடிக்க லண்டன் போனார்.

வழக்கறிஞரான பிறகும், 1925 முதல் 1928 வரை, பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள் தோழர்களே. 1927 மார்ச் 20-இல் மகாட் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளியதும், அதே ஆண்டு டிசம்பர் 25-இல் மனுஸ்மிருதியை எரித்ததும் அந்தக் காலத்தில்தான். குளத்தில் இறங்கிய அதே மனிதர், கட்டணம் கட்டிப் படிக்க வந்தவர்களுக்கு ஒப்பந்தச் சட்டமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இயக்கத்துக்குக் கொடுத்த நேரம் வேறு, வயிற்றுக்கு உழைத்த நேரம் வேறு. இரண்டாவது இருந்ததால்தான் முதலாவதை யார் தயவும் இல்லாமல் செய்ய முடிந்தது.

'கற்பி' என்று தமிழில் நாம் முழக்கமிடுகிறோம். சொல்லிக்கொடு என்பதுதான் அதன் நேர்ப்பொருள். யாருக்கு எப்படி என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் 'இன்ஜினியரிங்' என்று சொன்னாலே ஒரு முகம் நினைவுக்கு வரும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மறுத்துத் திருமணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர், கொமரலிங்கத்துப் பிள்ளை. பொறியியல் மாணவர். அந்தக் கொலைக்குப் பிறகு, கௌசல்யா எங்கள் ஊரிலேயே சங்கர் பெயரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார். படிப்பு வந்துவிட்டால் சாதி தொடாது என்ற நம்பிக்கை எங்களுக்கு அன்றே போய்விட்டது. படிப்பை விட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதம் மட்டும் மிஞ்சியது. அப்படிப்பட்ட ஊரில், நம் பிள்ளைகளிடம் பாடத்துக்குக் காசு கேட்க எங்களுக்கு வாய் வருமா?

அதனால் எங்கள் விதி இது. கம்பெனியில் சம்பளம் வாங்குகிற டெவலப்பருக்கு முழுக் கட்டணம். வேலை தேடும் பட்டதாரிக்குப் பாதி. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஏழு பேர் கொண்ட முழு பேட்ச் என்றால் 21,000 ரூபாய் வரும். இணையச் செலவு 1,000 போக மீதியை நான்கு பங்காக்குகிறோம். மூன்று பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு தெருவில் நடக்கும் மாலை வகுப்புக்கு. ஆளுக்கு 5,000 என்பது செக்கிங் வேலையில் கிட்டத்தட்ட இரண்டு வாரச் சம்பளம். பேட்ச் சேராத மாதங்களும் உண்டு. அதனால் இதை நம்பி யாரும் கம்பெனி வேலையை விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

பதிவு செய்த பாடங்களை யுடெமி போன்ற தளங்களில் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் தளமே ஆள் பிடித்துக் கொடுத்தால், விற்ற விலையில் 37 சதவீதம்தான் நடத்துகிறவருக்கு என்று அவர்கள் வைத்திருந்த கணக்கைப் பார்த்தோம். அதற்கு மேல் தள்ளுபடி வேறு. எக்ஸ்போர்ட்டர், ஜாப் ஒர்க், கான்ட்ராக்டர் என்று கைமாறி பீஸ் ரேட் டெய்லருக்கு வந்து சேர்வதை நாங்கள் தினமும் பார்க்கிறவர்கள். அதனால் நேரடி வகுப்பே போதும் என்று முடிவு செய்தோம். சிறிய விளையாட்டு ஒன்றையாவது முழுதாக முடித்து வெளியிட்ட பிறகே சொல்லிக்கொடுக்க வாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். திருட்டு மென்பொருளும் சுட்ட படங்களும் வேண்டாம், இலவசமாகவே போதுமான அளவு கிடைக்கின்றன. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மாணவர் திரையில் ஏதாவது ஒன்று ஓட வேண்டும். பிழை வந்தால் நீங்களே திருத்திவிடாதீர்கள், அந்தச் சிவப்பு வரியை முதலில் அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

மாலை வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு விளையாட்டு செய்திருக்கிறாள். அமராவதி ஆற்றில் பாறைக்குப் பாறை தாவித் தேங்காய் பொறுக்க வேண்டும். முதலில் அது எங்கள் பழைய லேப்டாப்பில் ஆமையாகவும், தோழி புதிதாக வாங்கிய கணினியில் முயலாகவும் ஓடியது. காரணம் எளிது. ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் இவ்வளவு தூரம் நகர் என்று எழுதியிருந்தாள். நொடிக்கு 30 சட்டம் காட்டும் கணினியைவிட 120 காட்டும் கணினியில் அது நான்கு மடங்கு தூரம் போய்விடும். இரண்டு சட்டங்களுக்கு இடையிலான நேரத்தை 'டெல்டா' என்பார்கள். வேகத்தை அதனால் பெருக்கிவிட்டால், எந்தக் கணினியிலும் ஒரு நொடியில் ஒரே தூரம்தான். அவள் பெருக்கிப் பார்த்தாள். இரண்டு திரையிலும் ஒன்றாக ஓடியது. "அக்கா, அப்ப மெதுவா இருந்தது நம்ம ஆள் தப்பில்லையா?" என்று கேட்டாள். இட ஒதுக்கீட்டைப் பற்றி நாங்கள் கேட்ட எத்தனையோ கூட்டப் பேச்சுகளில், இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை.

போன ஞாயிறு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நாலில் ஒரு பங்கு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது எழுத்துல இருக்குது, நல்லது. நாளைக்கு வருமானம் பெருசாச்சுன்னா இதைத்தான் மொதல்ல அழிக்கத் தோணும். அழிக்காம இருங்க, அப்பப் பாக்கலாம்."

முழு மனதாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம். அவர் எச்சரிக்கை சரி என்றும் எங்களுக்குத் தெரியும். நோட்டை இனி மாதம் ஒருமுறை அவரிடமே காட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

படிக்கிற தம்பி, தங்கைகளே, உங்கள் கையிலும் ஏதோ ஒரு தொழில் இருக்கும். நிரல், வடிவமைப்பு, கணக்கு, மொழிபெயர்ப்பு, எதுவாகவும் இருக்கலாம். நம் தெருவுக்கு அதைச் சும்மா கொடுங்கள். வெளியில் கேட்டால் விலை சொல்லுங்கள். "பாத்துக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஜெய்பீம்.